பழைய மடிக்கணினியில் போய்ப் போய்த் திரும்பும் திரைக் கோளாறு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு, இல்லிருப்புக் கற்றலுக்காகச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கும் பட்டணத்தை ஒட்டிய தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) மடிக்கணினிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் புதியவை கொஞ்சம்தான். அலுவலகங்கள் கழித்துவிட்டதைப் புதுப்பித்து விற்றவையே அதிகம். வந்தபோதே வயதாகியிருந்த அந்த இயந்திரங்கள் இன்னமும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும், தோட்ட அலுவலகக் கிராணியின் சம்பளக் கணக்குக்கும், கோயில் நிர்வாகத்தின் வரவு செலவுக்கும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி வரும் புகார்களில் திரையைப் பற்றியதே முன்னால் நிற்கிறது. திரை மினுக்குகிறது, கோடு விழுகிறது, இருண்டுபோகிறது. பிறகு தானாகவே சரியாகி, இரண்டு நாள் கழித்து மீண்டும் வருகிறது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் கோளாற்றுக்கு, படம் காட்டும் கண்ணாடித் தகடான பேனலை மாற்றச் சொல்வதே கடைகளில் கிடைக்கும் முதல் பதில். பேனல்தான் அந்தப் பழுதுபார்ப்பில் விலை கூடிய பொருள். அதை மாற்றிய பிறகும் அதே மினுக்கல் தொடர்வதுண்டு. முற்றிலும் செத்துப்போன பாகம் திரும்பி வேலை செய்யாது. ஆகவே, வந்து போகும் கோளாறு ஏதோ ஒரு சூழ்நிலையைச் சார்ந்து வருகிறது என்றே கொள்ள வேண்டும். மூடியின் கோணம், உள்ளே ஏறும் சூடு, காற்றின் ஈரம், சார்ஜரின் இணைப்பு, வெளிச்ச அளவு ஆகிய ஐந்தில் எது மாறும்போது கோளாறு வருகிறது என்பதை ஒரு வாரம் தாளில் குறித்துவையுங்கள். திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

எதையும் திறக்காமல் செய்யும் மூன்று சோதனைகள்

முதலாவதாக, எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. கேபிள் வழியாக வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். வீட்டுத் தொலைக்காட்சியே போதும். கோளாறு வெளித்திரையிலும் தெரிந்தால் அது படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் சில்லையோ மென்பொருளையோ சார்ந்தது. மடிக்கணினியின் திரையில் மட்டும் தெரிந்தால் பேனல், அதற்குப் படத்தைக் கொண்டுசெல்லும் கேபிள், பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்னொளி ஆகிய மூன்றுக்குள் தேட வேண்டும்.

இரண்டாவது, கோளாறு கண்ணுக்குத் தெரியும் நேரத்திலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் புலனம் (வாட்ஸ்அப்) வழியாகக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிப் பார்ப்பது. படத்திலும் கோடோ சிதறலோ பதிந்திருந்தால், அது கணினி படத்தை உருவாக்கும்போதே நுழைந்த பிழை. படம் சுத்தமாக இருந்தால், உருவான படம் திரைக்குப் போகும் வழியிலோ திரையிலோ கெடுகிறது என்று பொருள். செலவே இல்லாத இந்தச் சோதனையை ஏனோ பெரும்பாலோர் செய்வதில்லை.

மூன்றாவதாக, கணினியை முடுக்கியவுடன், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் அமைப்புக்குள் நுழைந்து அங்கேயே கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். விண்டோஸ் இன்னும் எழாத அந்தக் கட்டத்திலும் மினுக்கல் வந்தால், விண்டோஸுக்குள் திரையை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் குறைசொல்ல இடமில்லை. டெல் நிறுவனத்தின் பல மடிக்கணினிகளில் இதைவிட நேரான வழி உண்டு: ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தான டி விசையை அழுத்திப் பிடித்தபடி மின்பொத்தானை அழுத்தினால், திரை தன்னைத்தானே சோதித்துக்கொண்டு வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்களை முழுத்திரைக்கும் மாற்றி மாற்றிக் காட்டும்.

மூடியை அசைத்தால் மாறும் மினுக்கல்

வயதான மடிக்கணினியில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் கீல். தாய்ப்பலகையிலிருந்து புறப்படும் மெல்லிய கேபிள் கீலின் வழியாகவோ அதன் ஓரமாகவோ ஏறித் திரையின் பின்பக்கம் போய்ச் சேர்கிறது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேபிள் அதே இடத்தில் வளைந்து நிமிர்வதால், சில ஆண்டுகளில் அதன் உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறுபடத் தொடங்குகின்றன. அறுந்த இழையின் இரு முனைகளும் ஒரு கோணத்தில் தொட்டுக்கொண்டும் வேறு கோணத்தில் விலகியும் இருப்பதனால்தான் கோளாறு வந்து போகிறது. மூடியின் ஓரத்தில் துணிக் கிளிப்பை மாட்டி அந்தக் கோணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் மாணவர்களின் சமயோசிதத்தைப் பாராட்டலாம். ஆனால் கிளிப்பின் அழுத்தம் பேனலின் கண்ணாடியை விரிசலிடச் செய்துவிடும்.

இது பழைய, மலிவான இயந்திரங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட மேக்புக் புரோ வகையில், பின்னொளிக்கான மெல்லிய கேபிள் கீலைச் சுற்றி வளைந்து தேய்ந்ததால், திரையின் அடிப்பகுதியில் மேடை விளக்குகள் வரிசையாக எரிவது போன்ற ஒளித்திட்டுகள் தோன்றின. 2019 மே மாதத்தில் அந்நிறுவனம் 13 அங்குல வகைக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தையே அறிவிக்க நேர்ந்தது.

சோதிப்பதற்கு, வெள்ளைப் பின்புலம் கொண்ட பக்கமொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடியை முழுதாகப் பின்னுக்குச் சாய்த்து, அங்கிருந்து மிக மெதுவாக மூடும் நிலைவரை கொண்டுவாருங்கள். குறிப்பிட்ட ஒரு கோணத்தைக் கடக்கும்போது நிறம் மாறுவது, முழுத்திரையும் இளஞ்சிவப்பாவது, ஒளி மட்டும் அணைவது, படம் உறைந்து நிற்பது ஆகியவற்றுள் எது நிகழ்ந்தாலும் கேபிளே காரணம் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். கோணத்தால் மாறாமல், திரையின் சட்டத்தை ஓரிடத்தில் விரலால் மெல்ல அழுத்தினால் மாறுகிறது என்றால், கேபிளின் மேல்முனைக் கனெக்டர் தளர்ந்திருக்கலாம், அல்லது பின்னால் சொல்லப்போகும் பேனல் பிணைப்பு விட்டிருக்கலாம்.

திறப்பதற்கு முன் சார்ஜரைக் கழற்றுவது எல்லோருக்கும் தெரிந்தது. பேட்டரியைத் துண்டிப்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட வகையானால், அடிமூடியைக் கழற்றி அதன் கனெக்டரை விலக்கி, மின்பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மீதமிருக்கும் மின்சாரத்தைத் தீர்த்துவிட வேண்டும். பேனலின் மின்சுற்றுகள் 3.3 வோல்ட்டில் இயங்குகின்றன. அதே கேபிளில், சில மயிரிழை இடைவெளியில், பின்னொளிக்கான அதைவிடப் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தமும் போகிறது. பேட்டரி இணைந்திருக்கும்போது கனெக்டரைக் கோணலாகச் செருகினால், தாய்ப்பலகையில் பின்னொளிக்கென இருக்கும் கடுகளவுப் பியூஸ் எரியும். கெட்ட நேரமானால் கிராஃபிக்ஸ் சில்லே போகும். கேபிள் கோளாறோடு வந்த கணினி, மினுக்கல் நின்று அடியோடு இருண்டுபோய்த் திரும்புவதற்கு இந்த அவசரமே வழக்கமான காரணம்.

கேபிளின் இரு முனைகளையும் கழற்றி ஒளியில் பாருங்கள். அதிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது நம் தாழ்நிலப் பகுதிகளில் இயல்பு. காற்றோட்டம் குறைந்த அறையில், சுவரை ஒட்டிய மேசையில் ஆண்டுக்கணக்கில் இருந்த கணினியின் கனெக்டரில் பச்சைப் பூப்போ மங்கலான படலமோ காணப்படுவதுண்டு. காலையில் மினுக்கிவிட்டுச் சற்று நேரம் சூடானதும் சரியாகிவிடும் திரைகளில் இதையே முதலில் தேடுகிறேன். 99 விழுக்காட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான தூரிகையால் ஊசிகளின் நீளவாக்கில் மட்டும் துடைத்து, முழுதாக உலரவிட்டு, மீண்டும் நேராகச் செருகி, கனெக்டர் விலகாதபடி வெப்பம் தாங்கும் பசைநாடாவை ஒட்டுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தையும் வீட்டிலுள்ள வாசனைத் திரவியத்தையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இழைகள் அறுந்திருந்தால் பற்றவைப்பது வீண்வேலை; வளையும் இடத்தில் ஈயப்பற்று நிலைக்காது. புதுக் கேபிள் பேனலோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலையில், ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் கிடைக்கிறது. மடிக்கணினியின் பெயரை மட்டும் வைத்து வாங்காமல், பழைய கேபிளின் மேல் ஒட்டப்பட்ட சீட்டிலுள்ள பாக எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே பெயரில் விற்ற மடிக்கணினிக்குள் 30 ஊசி, 40 ஊசி என இருவகைக் கேபிள்கள் இருக்கக்கூடும். புதியதைப் பொருத்தும்போது, பழையது கீலைச் சுற்றி எப்படி ஓடியது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதே பாதையில் இழுபடாமல் விட வேண்டும். இறுகிப்போன கீல் புதுக் கேபிளையும் விரைவில் தின்றுவிடும் என்பதால், கீலின் திருகாணிகள் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்திருந்தால் அவற்றையும் அன்றே சரிசெய்துவிடுவது நல்லது.

படம் இருக்கிறது, ஒளி இல்லை

திரை இருண்டதும், கைத்தொலைபேசியின் விளக்கைச் சாய்வாகத் திரையின் மேல் அடித்துப் பாருங்கள். சின்னங்களும் எழுத்தும் நிழல்போலத் தெரிந்தால், பேனல் படத்தை வரைந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னொளி மட்டுமே அணைந்துவிட்டது. கேபிளில் பின்னொளிக்குரிய இழைகள், தாய்ப்பலகைப் பியூஸ், பேனலுக்குள் இருக்கும் எல்.இ.டி. வரிசை என்ற ஒழுங்கில் சோதிக்க வேண்டும். பியூசை மல்டிமீட்டரால், மின்சாரம் முழுதாகத் துண்டித்த நிலையில், தொடர்ச்சி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்தால் போதும். எரிந்த பியூசுக்குப் பதிலாகக் கம்பித் துண்டைப் பற்றவைத்துக் கொடுப்பவர்களிடம் கணினியை ஒப்படைக்க வேண்டாம். அடுத்த முறை எரிவது பியூசாக இருக்காது.

2010க்கு முந்தைய இயந்திரமானால் எல்.இ.டி.க்குப் பதிலாக மெல்லிய குழல்விளக்கு இருக்கக்கூடும். திரையை முடுக்கியவுடன் ஓரிரு நொடி சிவந்து எரிந்துவிட்டு அணைவது அந்தக் குழல் முதுமையடைந்ததன் அடையாளம். அதற்கு மின்சாரம் கொடுக்கும் இன்வர்ட்டர் பலகையில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. மின்னிணைப்போடு அதைத் தொடக் கூடாது.

மேலிருந்து கீழாக நிற்கும் கோடுகள்

கோடு ஒரு மயிரிழை அகலத்தில், ஒரே நிறத்தில், எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அது பேனலின் நோய். கண்ணாடியின் விளிம்பில், நாடா போன்ற மெல்லிய படலங்களின் மேல், திரையின் வரிசைகளை இயக்கும் சில்லுகள் வைக்கப்பட்டு, அந்தப் படலங்கள் மின்கடத்தும் பசையால் கண்ணாடியோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு படலமும் நூற்றுக்கணக்கான செங்குத்து வரிசைகளுக்குப் பொறுப்பு. சூடும் ஈரமும் மாறி மாறித் தாக்கப் பசை ஓரிடத்தில் விடும்போது, ஒரு வரிசை தனித்துப்போய்க் கோடாகிறது. முழுப் படலமும் விட்டால் கையகலப் பட்டை வெளுத்துவிடுகிறது. சட்டத்தின் அடிவிளிம்பை அழுத்தினால் கோடு மறைந்து, விரலை எடுத்ததும் திரும்புவது இதற்குத் தெளிவான சான்று.

அந்த இடத்தில் மடித்த அட்டையைச் செருகி அழுத்தம் கொடுத்துவைக்கும் வைத்தியம் உண்டு. அது சில வாரங்களுக்கு ஓடும். எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு முடியும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்ற நிலையில் அதை நான் தடுப்பதில்லை, ஆனால் அதைப் பழுதுபார்ப்பு என்று காசு வாங்குவதை ஏற்க முடியாது. பசையை மறுபடி ஒட்டுவதற்குத் தனி இயந்திரம் வேண்டும். நம் பட்டணங்களில் நடைமுறைத் தீர்வு பேனல் மாற்றுவதே.

கட்டம் கட்டமாகச் சிதறும் படம்

சதுரத் துண்டுகள், புள்ளிக்கோலம், எழுத்துகள் இடம்மாறிக் கிடப்பது ஆகியவை, குறிப்பாகக் கணினி சூடேறிய பின் வெளித்திரையிலும் சேர்ந்து தெரிந்தால், கிராஃபிக்ஸ் சில்லின் மேல் சந்தேகம் விழ வேண்டும். என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில், மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றைத் தாங்கிப் பிணைக்கும் பொதிவுப் பொருள் பலவீனமாக இருந்ததை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி அமெரிக்க டாலர் வரை ஒதுக்கியது. சூடாகிக் குளிரும் சுழற்சி பிணைப்புகளை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு அது போதுமான உதாரணம். முதலில் விசிறியையும் வெப்பத்தகட்டின் இடுக்குகளையும் அடைத்திருக்கும் தூசியை அகற்றி, காய்ந்துபோன வெப்பப்பசையை மாற்றிப் பாருங்கள். செம்மண் சாலையோர வீடுகளில் இந்த ஒன்றே பல இயந்திரங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கும் அடங்காத சில்லை வெப்பக்காற்றால் சுட்டுத் தருவதாகச் சொல்வார்கள். சுட்டது சில நாளோ சில மாதமோ ஓடிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பும். அந்தப் பணத்தை வேறொரு கணினிக்குச் சேர்த்துவைப்பதே மேல்.

சார்ஜரோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து வரும் மினுக்கல்

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் மினுக்கினால், அதே வோல்ட் அளவும் போதுமான ஆம்பியரும் கொண்ட வேறொரு சார்ஜரால் சோதியுங்கள். மூன்று ஊசிச் செருகியில் நிலமின் (எர்த்) இணைப்பு இருக்க வேண்டிய கணினிக்கு, இரண்டு ஊசி மாற்றியைப் பயன்படுத்துவதும் கணினியைத் தொடும்போது மெல்லிய அதிர்வையும் திரையில் அலையையும் உண்டாக்கும். பேட்டரியில் ஓடும்போது மட்டும் வந்தால், மின்சேமிப்புக்காகத் திரையின் புதுப்பிப்பு வேகமோ வெளிச்சமோ தானாக மாறுவதுதான் பெரும்பாலும் காரணம். இன்டெல் கிராஃபிக்ஸ் கொண்ட கணினியில் அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டுச் செயலிக்குள் மின்சாரப் பகுதிக்குப் போய், பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் என்ற வசதியையும் திரை மின்சேமிப்பு வசதியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் கண் கூசுமளவு துடிப்பு தெரிந்து, முழு வெளிச்சத்தில் மறைந்துவிட்டால், அது கோளாறே அல்ல. பின்னொளியை வேகமாக அணைத்து ஏற்றுவதன் மூலமே பல பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்கின்றன. கைத்தொலைபேசிக் கேமராவில் ஓடும் பட்டைகளாக அது தெரியும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்ததால், பழைய இயந்திரங்களில் அவசரமாக விண்டோஸ் 11ஐ ஏற்றியவர்களும் உண்டு. அதன் பிறகு தொடங்கிய மினுக்கலானால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்துவையுங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிரைவரின் பிழை. மற்றவை மினுக்க அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியின் பிழை. டிரைவரானால், கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் வகைக்கென்றே உள்ள பதிப்பை நிறுவுங்கள், அல்லது முந்தைய பதிப்புக்குத் திரும்புங்கள்.

திடீரென அணைந்து, தொட்டால் எழுகிறது

மூடியைத் தாழ்த்தும்போது திரை அணைவதற்குக் காந்த உணரி ஒன்று விசைப்பலகைப் பகுதியில் இருக்கிறது. காந்தப் பூட்டுள்ள வளையலோ, காந்த மூடியுள்ள கைத்தொலைபேசி உறையோ அந்த இடத்துக்கு மேல் வந்தால், மூடி சாத்தப்பட்டதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். கேபிள் கோளாறென்று பேனலைக் கழற்றுவதற்கு முன், மேசையின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கறை, வெண்புள்ளி, உள்ளே ஊரும் பூச்சி

மஞ்சள் திட்டும் வெண்புள்ளியும் பெரும்பாலும் அழுத்தத்தால் வருபவை. பையில் புத்தகங்களுக்கு இடையே திணித்துச் செல்வதால், உள்ளிருக்கும் ஒளி பரப்பும் தாள்கள் நகர்ந்தோ நசுங்கியோ போகின்றன. அவை மெதுவாகப் பெருகினால் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். தொடுபலகை அழுத்த மறுப்பது, அடிமூடி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுவது ஆகியவை அதற்கான அறிகுறிகள். உப்பிய பேட்டரியோடு கணினியை ஒரு நாளும் ஓட்டக் கூடாது. குத்தவோ நசுக்கவோ கூடாது. கழற்றித் தனியே வைத்து மின்கழிவு சேகரிப்பிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

செம்பனைக்கு நடுவே வாழ்பவர்களுக்குப் பழக்கமான இன்னொன்று, விளக்கைத் தேடி வரும் நுண்பூச்சி சட்டத்தின் இடுக்கு வழியாகப் புகுந்து, திரைக்கும் ஒளிபரப்பும் தாளுக்கும் இடையில் நடப்பது. விரலால் நசுக்கினால் அது அங்கேயே நிரந்தரப் புள்ளியாகிவிடும். கணினியை அணைத்து, அறையை இருட்டாக்கி, சட்டத்தின் ஓரத்தில் சிறு விளக்கை எரியவிட்டால், உயிரோடிருக்கும் பூச்சி வந்த வழியே வெளியேற வாய்ப்புண்டு.

பேனலை மாற்றியே ஆக வேண்டுமானால்

பழைய பேனலைக் கழற்றி, அதன் முதுகிலுள்ள சீட்டைப் படித்த பிறகே புதியதைத் தேட வேண்டும். அந்தப் பெயரில் எழுத்துக்கு அடுத்து வரும் 140, 156 போன்ற எண்கள் முறையே 14.0, 15.6 அங்குல அளவுகளைக் குறிக்கின்றன. அளவு ஒத்தாலும் போதாது: தெளிவுத்திறன், ஊசிகளின் எண்ணிக்கை, கனெக்டர் இருக்கும் பக்கம், ஓரத்தில் திருகுக் காதுகள் உண்டா இல்லையா ஆகியவையும் ஒத்துவர வேண்டும். சட்டத்தை மூடுவதற்கு முன்பே இணைத்து, வெள்ளை, கறுப்பு நிறங்களை முழுத்திரைக்கும் காட்டி, செத்த புள்ளிகளையும் ஒளிக்கசிவையும் பாருங்கள். பாதுகாப்புப் படலத்தை உரித்துவிட்டால் சில விற்பனையாளர்கள் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

பேனலின் விலை கணினியின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால் நான் மாற்றச் சொல்வதில்லை. இடம்பெயராமல் வீட்டிலேயே இருக்கும் கணினியானால், பழைய வெளித்திரை ஒன்றை இணைத்து, விண்டோஸ் அமைப்புகளின் திரைப் பகுதியில் இரண்டாவது திரையில் மட்டும் காட்டும்படி வைத்துவிடலாம். மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யாதே என்ற தெரிவையும் மின்சார அமைப்பில் குறித்துவிட வேண்டும். காற்று விசைப்பலகை வழியாக வெளியேறும் வகையானால் மட்டும், மூடியை முழுதாகச் சாத்தாமல் சற்றுத் திறந்தே வைத்திருங்கள்.